ஃபேசெட்டுக்குக் கட்டுப்படுத்திய எலிமென்ட்: மெஷ் நெருங்க நெருங்க விடை சுருங்குகிறது

கண்ணிவலை:

வணக்கம் நண்பர்களே. சொந்தமாக ஒரு ஃபைனைட் எலிமென்ட் நூலகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கோண மெஷ் (ஒவ்வொரு முக்கோணமும் ஒரு செல்), எந்தப் படியிலும் லக்ராஞ்ச் எலிமென்ட், அதாவது நோடு என்கிற புள்ளிகளில் உள்ள மதிப்புகளே மாறிகள், அவ்வளவுதான் இப்போதைக்கு. சமன்பாட்டின் வாய்பாட்டை எழுத உதவும் யூஎஃப்எல் மொழியில் எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு "ஃபேசெட்" என்று எழுதினால், செல்லின் உள்ளே இருக்கும் டி.ஓ.எஃப் (தீர்க்க வேண்டிய மாறிகள்) எல்லாம் போய் விளிம்பில் இருப்பவை மட்டும் மிஞ்சும் அல்லவா? அந்த வசதியை என் நூலகத்திலும் சேர்த்தேன்.

எந்த டி.ஓ.எஃப் உச்சியில், எது விளிம்பில், எது செல்லுக்குள் என்று ஏற்கெனவே ஒரு அட்டவணை உண்டு. அதில் செல்லுக்குள் இருப்பவற்றை விட்டுவிட்டு மற்றவற்றின் எண்களை மட்டும் எடுத்தேன். அடிப்படைச் சார்புகளின் மதிப்பு அட்டவணையில் அந்த நிரல்களை மட்டும் வெட்டியெடுத்து, புதிதாக 0-இலிருந்து எண் கொடுத்தேன்.

சோதனைக்கு அலகுச் சதுரம். 8×8 கட்டம், ஒவ்வொரு கட்டமும் இரண்டாக வெட்டியது, ஆக 128 முக்கோணங்கள். மூன்றாம் படியில் முழு எலிமென்ட்டுக்கு 625 டி.ஓ.எஃப், கட்டுப்படுத்தியதற்கு 497. உச்சிகள் 81, விளிம்புகள் 208, விளிம்புக்கு இரண்டு என்று கூட்டினால் 497 சரியாகவே வருகிறது. பாய்சான் சமன்பாடு, சுமை எங்கும் 1, எல்லையில் 0. முழு எலிமென்ட் உச்ச மதிப்பாக 0.0737 தருகிறது, அது சரியான விடை. கட்டுப்படுத்திய எலிமென்ட் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மெஷ்ஷை 16×16 ஆக்கினால் இன்னும் மோசம், ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு முக்கோணத்தின் நடுப்புள்ளியிலும் மதிப்பு துல்லியமாக 0.

பிழைச் செய்தி எதுவும் இல்லை. சால்வர் சமர்த்தாகக் குவிகிறது, முன்பைவிட வேகமாகவே. எங்கே பார்ப்பது?

நிரைநிரல்:

இரண்டாம் படியில் ஓட்டிப் பார்த்தீர்களா? டி.ஓ.எஃப் எண்கள் இடம் மாறியிருந்தால் அங்கேயும் தெரியும். விளிம்பில் இரண்டு நோடுகள் இருக்கும்போது பக்கத்து முக்கோணம் அவற்றைத் தலைகீழ் வரிசையில் பார்க்கும் என்பதையும் ஒரு தடவை சரிபாருங்கள். மூன்றாம் படியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

கண்ணிவலை:

இரண்டாம் படியில் முழு எலிமென்ட்டும் கட்டுப்படுத்தியதும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை. விளிம்பு வரிசையும் சரி. இல்லாவிட்டால் முழு மூன்றாம் படியே தப்பாகியிருக்கும்.

பழையகணிப்பான்:

இரண்டாம் படியில் ஒத்துப்போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. முக்கோணத்தில் இரண்டாம் படிக்கு ஆறு நோடுகள், ஆறுமே விளிம்பில்தான். நீங்கள் எதையுமே வெட்டவில்லை. நான்முகியில் மூன்றாம் படிக்கும் இதே கதை: 20 நோடுகளில் ஒன்றுகூட உள்ளே கிடையாது, நான்காம் படியில்தான் முதல் உள் நோடு வரும். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

உங்கள் நிரல் சரியாகத்தான் இருக்கிறது. அதனிடம் கொடுத்த கணக்குதான் வேறு.

கட்டுப்படுத்திய எலிமென்ட்டில் மிஞ்சியிருக்கும் சார்புகள் எவை என்று கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாம் படியில் பத்து அடிப்படைச் சார்புகள் இருந்தன. நடுப்புள்ளிக்குரிய ஒன்றை எடுத்துவிட்டீர்கள். மற்ற ஒன்பதும் நடுப்புள்ளியில் 0 ஆகும்படி கட்டப்பட்டவை, லக்ராஞ்ச் அடிப்படையின் இலக்கணமே அதுதான். ஆகவே மிஞ்சிய வெளி "நடுப்புள்ளியில் 0 ஆகும் மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவைகள்". அதில் 1 என்ற மாறிலி இருக்கிறதா? இல்லை. ஒரு செல்லுக்குள் மாறிலியைக்கூட எழுத முடியாத எலிமென்ட்டை வைத்துக்கொண்டு பாய்சானைத் தீர்க்கச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்.

சுருங்குவதற்கும் கணக்கு இருக்கிறது. விளிம்பு முழுவதும் மதிப்பு ச என்று வைக்கப் பார்த்தால், உள்ளே கிடைப்பது ச பெருக்கல் (1 − குமிழ்). குமிழ் என்பது மூன்று பரப்பளவு ஆயங்களின் (தன் உச்சியில் 1, எதிர் விளிம்பில் 0 ஆகும் நேரியல் சார்புகள்) பெருக்கலை 27 மடங்காக்கியது, நடுப்புள்ளியில் 1, விளிம்பில் 0. உங்கள் மெஷ்ஷில் இருப்பது போன்ற இருசமபக்கச் செங்கோண முக்கோணத்தில் அந்தக் குமிழின் சாய்வு வர்க்கத்தைத் தொகையிட்டால் 8.1 வரும். முக்கோணம் பெரிதோ சிறிதோ, இரு பரிமாணத்தில் அது மாறாது. ஆக ஒவ்வொரு செல்லும் 8.1 ச² ஆற்றலை அபராதமாகக் கேட்கிறது. மெஷ்ஷைப் பாதியாக நெருக்கினால் செல்கள் நான்கு மடங்கு, அபராதமும் நான்கு மடங்கு. சுமை செய்யும் வேலையோ மொத்தத்தில் அப்படியே நிற்கிறது. விடை நாலில் ஒன்றாகத்தான் சுருங்கும். சால்வர் வேகமாகக் குவிவதும் இதனால்தான்: நீங்கள் அறியாமலே சமன்பாட்டில் ஒரு பெரிய எதிர்வினை உறுப்பைச் சேர்த்துவிட்டீர்கள், அணியின் நிலைமை எண் (சால்வர் எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவு) அதில் நன்றாகிவிடும்.

கண்ணிவலை:

அடேயப்பா. குறியீட்டில் அலசிக்கொண்டிருந்தேன், கணக்கிலேயே இருக்கிறது. அப்படியானால் உள் டி.ஓ.எஃப்-களை நீக்கிச் சின்ன அணியைத் தீர்ப்பது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எப்படிச் சரியான விடை தருகிறது? அதற்காகத்தான் இதை எழுதினேன்.

நிரைநிரல்:

அது கட்டுப்படுத்தல் இல்லை, ஸ்டாட்டிக் கண்டென்சேஷன். கட்டுப்படுத்தலில் உள் மாறிகளை 0 என்று அறிவிக்கிறீர்கள். கண்டென்சேஷனில் அவற்றின் சமன்பாட்டைத் தீர்த்து, விடையை விளிம்பு மாறிகள் மூலம் எழுதி, அப்புறம்தான் ஒதுக்குகிறீர்கள். கட்டுமானப் பொறியியலில் 1965-இல் கையன் எழுதியதிலிருந்து இந்தச் சூத்திரம் வெவ்வேறு பெயர்களில் சுற்றி வருகிறது.

செல் அணியை விளிம்பு, உள் என்று நாலு துண்டாகப் பிரியுங்கள். விளிம்புக்கு வி, உள்ளுக்கு உ. சுருங்கிய அணி:

அ(வி,வி) − அ(வி,உ) × அ(உ,உ)-வின் நேர்மாறு × அ(உ,வி)

சுமை வெக்டருக்கும் அதே மாதிரி: ப(வி) − அ(வி,உ) × அ(உ,உ)-வின் நேர்மாறு × ப(உ). பலர் இந்த இரண்டாவது வரியை விட்டுவிடுவார்கள். சுமை 0 ஆக இருக்கும் சோதனையில் அது தெரியாது, நிஜக் கணக்கில் தெரியும்.

மூன்றாம் படியில் அ(உ,உ) என்பது ஒரே ஒரு எண், மேலே சொன்ன அதே 8.1. நேர்மாறு என்பது வெறும் வகுத்தல். எட்டாம் படியில் அது 21×21 துண்டு. உள் மாறிகள் பக்கத்துச் செல்லைத் தொடுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் செல்லுக்குள்ளேயே முடித்துவிடலாம். உங்கள் 8×8 மெஷ்ஷில் எட்டாம் படிக்கு 4225 டி.ஓ.எஃப், அதில் 2688 உள்ளே. உலகளாவிய அணிக்கு மிஞ்சுவது 1537. மூன்றாம் படியில் 625-இலிருந்து 497-க்கு வருவதற்காக இத்தனை மெனக்கெட வேண்டாம். ஐந்தாம் படிக்கு மேல்தான் இது உழைப்புக்குக் கூலி தரும்.

சும்மாவாசகன்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நடு நோடு இல்லாத ஒன்பது நோடு முக்கோணம் என்று பழைய பாடப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அதுவும் இப்படிச் சொதப்புமா?

பழையகணிப்பான்:

நல்ல கேள்வி. சொதப்பாது. அதில் நடு நோடை எடுத்துவிட்டு அங்கே 0 வைப்பதில்லை. நடுப்புள்ளியின் மதிப்பை மற்ற ஒன்பதிலிருந்து இப்படி நிர்ணயிக்கிறார்கள்:

நடு மதிப்பு = (விளிம்பிலுள்ள 6 நோடுகளின் கூட்டுத்தொகை ÷ 4) − (3 உச்சிகளின் கூட்டுத்தொகை ÷ 6)

எல்லாமே 1 என்றால் 6/4 − 3/6 = 1. மாறிலி பிழைத்துக்கொண்டது. முதல் உச்சியின் பரப்பளவு ஆயத்தின் வர்க்கத்தை எடுத்துப் பாருங்கள். அது விளிம்பு நோடுகளில் 4/9, 4/9, 1/9, 1/9, 0, 0. கூட்டினால் 10/9, நாலால் வகுத்தால் 5/18. உச்சிகளில் 1, 0, 0, ஆறால் வகுத்தால் 1/6. கழித்தால் 2/18, அதாவது 1/9. நடுப்புள்ளியில் அந்தச் சார்பின் உண்மையான மதிப்பும் 1/9-தான். இரு ஆயங்களின் பெருக்கலுக்கும் இதே போல வரும், ஆகவே இரண்டாம் படி வரை எல்லாமே உள்ளே அடக்கம். மூன்றாம் படிக்குரிய குவிதல் வேகம் போய்விடும், ஆனால் விடை சுருங்கிக் காணாமல் போகாது.

நிரலில் இதைச் செய்வதென்றால் வெட்டினால் போதாது. ஒன்பது சார்புகள் ஒவ்வொன்றிலும் குமிழின் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும்: விளிம்பு நோடு என்றால் +1/4, உச்சி என்றால் −1/6. 9×10 அணி ஒன்றால் மதிப்பு அட்டவணையைப் பெருக்கினால் முடிந்தது. அதனால்தான் கட்டுப்படுத்தல் வகுப்பை எழுதும்போது "எந்த எண்களை வைப்பது" என்ற பட்டியலை வாங்காமல், ஒரு பொதுவான செவ்வக அணியை வாங்கும்படி எழுதச் சொல்வேன். பட்டியல் என்பது அந்த அணியின் எளிய வடிவம். நாளைக்கு வேறு ஏதாவது வேண்டுமென்றால் மறுபடி இடிக்க வேண்டியதில்லை.

நான்முகி:

செவ்வக அணி யோசனைக்கு நான் எதிர்ப்பு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் முப்பரிமாணத்துக்குப் போனதும் திசைமாற்றக் கணக்கில் கொண்டுபோய் மாட்டிவிடும். நான்முகியில் ஐந்தாம் படிக்கு ஒவ்வொரு முகத்திலும் ஆறு உள் நோடுகள். பக்கத்துச் செல் அந்த முகத்தைச் சுழற்றியோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ பார்க்கும்போது அந்த ஆறும் தமக்குள் இடம் மாறும். ஆறையும் வைத்தால் சரி, ஆறையும் விட்டாலும் சரி. நாலை வைத்து இரண்டை விட்டால் இந்தச் செல் வைத்திருப்பதை அந்தச் செல் விட்டிருக்கும். வெக்டர் மாறிகளுக்கான நெடெலெக் எலிமென்ட் என்றால் இன்னும் சிக்கல், அங்கே முக டி.ஓ.எஃப்-கள் இடம் மாறுவதோடு ஒன்றோடொன்று கலக்கவும் செய்யும்.

அதனால் என் விதி கறாரானது: உச்சி, விளிம்பு, முகம், உள் என்று ஒவ்வொரு உருப்படியையும் முழுசாக வை, அல்லது முழுசாக விடு. பட்டியலை வெளியிலிருந்து வாங்காதே, பெயரை மட்டும் வாங்கு. "ஃபேசெட்" என்றால் முகங்களும் அவற்றை மூடியிருக்கும் விளிம்பும் உச்சியும் சேர்த்து. மூடலைச் சேர்க்காமல் முகத்தின் நடு நோடுகளை மட்டும் எடுத்த நிரல்களையும் பார்த்திருக்கிறேன். நான்முகியில் மூன்றாம் படிக்கு நாலே நாலு நோடு மிஞ்சும், தொடர்ச்சியும் போய்விடும்.

பழையகணிப்பான்:

திசைமாற்றம் பற்றிச் சொன்னது சரி. செவ்வக அணியும் சமச்சீரை மதித்தால் பிரச்சினை இல்லை, மேலே உள்ள 1/4, 1/6 அதை மதிக்கிறது, எந்த நோடுக்கும் தனிச் சலுகை கிடையாது. ஆனால் நூலகத்தைப் பயன்படுத்துபவர் அதை மதிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கண்ணிவலை:

அப்படியானால் ஃபேசெட்டுக்குக் கட்டுப்படுத்திய எலிமென்ட்டை நேராக யாருமே பயன்படுத்துவதில்லையா? பிறகு ஏன் அந்த வசதி இருக்கிறது?

பழையகணிப்பான்:

இருக்கிறது, ஆனால் வேறு வேலைக்கு. தொடர்ச்சியற்ற கலர்க்கின் வகை முறைகளில் செல்லுக்குள் ஒரு தனி மாறி, அது செல்லோடு செல் ஒட்டாது. விளிம்பில் இன்னொரு மாறி, அதுதான் செல்களை இணைக்கும். இந்த இரண்டாவது மாறிக்குத்தான் கட்டுப்படுத்திய லக்ராஞ்ச் பொருந்தும். உள்ளே அதன் மதிப்பு என்ன என்பது யாருக்கும் தேவையில்லை, நாம் அதை உள்ளே கேட்கவே போவதில்லை. தொகையீடு எல்லாமே செல்லின் எல்லையில். லேபர், வெல்ஸ் இருவரும் பரப்பிய இடைமுக நிலைப்படுத்தல் முறையும், ஈ.டி.ஜி என்கிற உட்பொதிந்த தொடர்ச்சியற்ற முறையும் இந்த வகை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு விளிம்பில் தொகையிடும்போது, எதிர் உச்சிக்கோ மற்ற விளிம்புகளின் உள் நோடுகளுக்கோ உரிய அடிப்படைச் சார்புகள் அந்த விளிம்பில் 0. நல்லது, தானாகவே விலகிக்கொள்ளும். ஆனால் அவற்றின் சாய்வு 0 இல்லை! விளிம்பு மாறியின் சாய்வை யாராவது வாய்பாட்டில் எழுதிவிட்டால், எதிர்ப்பக்கத்து டி.ஓ.எஃப்-கள் அணிக்குள் புகுந்துவிடும். விளிம்புக்குச் செங்குத்தான சாய்வு என்பதே விளிம்பு மாறிக்கு அர்த்தமில்லாத ஒன்று. கட்டுப்படுத்திய எலிமென்ட் அதையும் மூச்சுவிடாமல் கணக்கிட்டுத் தந்துவிடும். விளிம்புக்கென்றே தனியாக எழுதிய டிரேஸ் எலிமென்ட் என்றால், செல்லுக்குள் மதிப்பு கேட்டாலோ சாய்வு கேட்டாலோ பிழை எறியும்படி வைக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

நான்முகி:

இதே குடும்பத்தில் கலப்பின வகையான ஹெச்.டி.ஜி செய்ய நினைத்தால் கட்டுப்படுத்திய லக்ராஞ்ச் உதவாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹெச்.டி.ஜி-யில் விளிம்பு மாறி உச்சியில் உடைந்திருக்க வேண்டும், ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் சொந்த நோடுகள். கட்டுப்படுத்திய லக்ராஞ்ச் உச்சியில் ஒட்டியிருக்கும். முதல் படிக்கு அந்த 8×8 மெஷ்ஷில் ஒட்டியது 81, உடைந்தது 416. எண்ணிக்கையைப் பார்த்து ஒட்டியதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் ஹெச்.டி.ஜி-யில் செல்லுக்குச் செல் ஒரு சின்னப் பின்கணக்கு செய்து ஒரு படி கூடுதல் துல்லியம் எடுக்கும் வசதி உண்டு, ஒட்டியதில் அது கிடைக்காது. டீல் டூ என்ற நூலகத்தில் இரண்டுக்கும் தனித்தனி வகுப்புகள் இருப்பது அதனால்தான்: ஒட்டியதற்கு எஃப்ஈ டிரேஸ்கியூ, உடைந்ததற்கு எஃப்ஈ ஃபேஸ்கியூ. அதன் 51-ஆம் பயிற்சி நிரல் முழுக்க ஹெச்.டி.ஜி-தான், படித்துப் பாருங்கள்.

சும்மாவாசகன்:

என் பிரச்சினை இதற்கு அக்கா மாதிரி. எனக்கு விளிம்பெல்லாம் வேண்டாம். மெஷ்ஷின் இடது பாதியில் மட்டும் ஒரு மாறி இருக்க வேண்டும், வலது பாதியில் அது இருக்கவே கூடாது. இதையும் கட்டுப்படுத்தல் என்றுதான் சொல்கிறார்கள். முதல் படி, 81 நோடு. ஓட்டினால் சால்வர் மூலைவிட்டத்தில் 0 என்று கத்துகிறது.

நிரைநிரல்:

கத்தத்தான் செய்யும். இடது பாதியைத் தொடும் நோடுகள் 45, மற்ற 36-க்கு எந்தச் செல்லும் பங்களிக்கவில்லை. 36 வெற்று நிரைகள், அணி சிங்குலர். ஃபெனிக்ஸ் நூலகத்தின் பழைய தலைமுறையான டால்ஃபினில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, வெற்று நிரைகளின் மூலைவிட்டத்தில் 1 வைத்துவிடும். அணியைச் சேர்க்கும்போதே மூலைவிட்ட இடங்களை ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 1 வைக்க இடமே இருக்காது. உங்கள் நூலகத்திலும் பத்து வரியில் எழுதிவிடலாம். வேலை முடிந்தது.

நான்முகி:

முடியவில்லை, அங்கேதான் ஆரம்பம். ஐகன் மதிப்புக் கணக்கு செய்து பாருங்கள். விறைப்பு அணியிலும் நிறை அணியிலும் 1 வைத்தால் 36 போலி ஐகன் மதிப்புகள், எல்லாமே 1, உங்கள் உண்மையான அதிர்வெண்களுக்கு நடுவில் வந்து உட்காரும். நிறை அணியில் 0-வாக விட்டால் அவை முடிவிலிக்கு ஓடும், ஆனால் நிறை அணியின் நேர்மாறு தேவைப்படும் எந்த முறையும் அப்போது வேலை செய்யாது.

நிரைநிரல்:

ஐகன் கணக்கு தனி, அதில் ஒப்புக்கொள்கிறேன். நேரியல் சமன்பாட்டுக்கு என்ன கெடுதல்? அந்த நிரைகள் மற்றவற்றோடு ஒட்டவே இல்லை.

நான்முகி:

நேரடி சால்வருக்குக் கெடுதல் இல்லை. மறுசெயல் முறைகளுக்கு உண்டு. எஃகின் மீள்தன்மைக் கணக்கை பாஸ்கலில் எழுதினால் யங் குணகமே 2×10¹¹. மற்ற மூலைவிட்டங்கள் அந்த அளவில் இருக்க, நடுவே 1 என்றால் நிலைமை எண் வீணாக வானத்துக்குப் போகும்.

நிரைநிரல்:

மூலைவிட்டத்தால் வகுக்கும் ஜகோபி முன்நிலைப்படுத்தி போட்டாலே அது சரியாகிவிடும். அது வேண்டாமென்றால் 1-க்குப் பதில் மற்ற மூலைவிட்டங்களின் சராசரியை வையுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் வாதத்தில் பலமானது வேறு: கட்டுப்படுத்திய பகுதி மெஷ்ஷில் நூற்றில் ஒரு பங்குதான் என்றால் 99 பங்கு வெற்று நிரைகளைச் சுமக்கிறோம். பிளவு, மெல்லிய பூச்சு, எல்லையில் மட்டும் வாழும் பெருக்கி, இதிலெல்லாம் அப்படித்தான் ஆகும். அங்கே 1 வைப்பது அசிங்கம்தான்.

சும்மாவாசகன்:

சரி, அப்படியானால் முறையாக எப்படி?

நான்முகி:

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

டீல் டூ வழி: எஃப்ஈ நத்திங் என்று டி.ஓ.எஃப்-பே இல்லாத ஓர் எலிமென்ட். வலது பாதிச் செல்களுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். 46-ஆம் பயிற்சி நிரல் திரவத்தில் ஸ்டோக்ஸ், திடப்பொருளில் மீள்தன்மை என்று இரண்டையும் ஒரே மெஷ்ஷில் இப்படித்தான் ஓட்டுகிறது. எல்லைக்கோட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும். சும்மா விட்டால் அங்கே மாறி சுதந்திரமாக இருக்கும். ஆதிக்கம் செலுத்தும்படி அமைத்தால் எஃப்ஈ நத்திங் பக்கம் 0 என்று கருதித் தொடர்ச்சியைத் திணிக்கும், அதாவது எல்லைக்கோட்டில் மாறி 0 ஆகிவிடும். இரண்டும் வெவ்வேறு இயற்பியல். இந்த ஒரு கொடியைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

என்ஜிசால்வ் என்ற நூலகத்தின் வழி: வெளியை உருவாக்கும்போதே எந்தப் பகுதியில் என்று சொல்கிறோம். வெக்டரின் நீளம் மாறாது, 81 அப்படியே இருக்கும், ஆனால் 36-க்கும் "பயன்படாதது" என்று முத்திரை விழும், சால்வர் அவற்றைத் தாண்டிப் போகும். நீளமும் குறைய வேண்டுமென்றால் கம்ப்ரெஸ் என்ற உறையைச் சுற்றினால் 45 ஆகிவிடும். முத்திரைகளிலும் வகை உண்டு, செல்லுக்குள் மட்டும் வாழ்வது, இடைமுகத்தில் வாழ்வது என்று. நிரைநிரல் சொன்ன கண்டென்சேஷனும் அதே முத்திரைகளை வைத்துத்தான் நடக்கிறது. வடிவமைப்பாகப் பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, இடது பாதியைத் தனி மெஷ்ஷாகவே வெட்டியெடுத்து, பெரிய மெஷ்ஷுக்கும் சின்ன மெஷ்ஷுக்கும் செல் எண்களின் வரைபடம் வைத்திருப்பது. ஃபெனிக்ஸின் புதிய தலைமுறையும் எம்எஃப்ஈஎம் நூலகமும் இந்தப் பக்கம். எலிமென்ட் வகுப்பைத் தொடவே வேண்டாம் என்பது இதன் வசதி. இரு மெஷ்ஷிலும் உள்ள மாறிகளை ஒரே வாய்பாட்டில் தொகையிடும் இடத்தில்தான் வேலை இருக்கும்.

கண்ணிவலை:

என் நூலகத்துக்கு என்ஜிசால்வ் மாதிரி முத்திரை வைப்பதுதான் ஒத்துவரும் போலிருக்கிறது. டி.ஓ.எஃப் வரைபடத்தில் ஒரு பிட் வரிசை, செல்களின் மேல் ஓடி இடது பாதிச் செல் தொடும் டி.ஓ.எஃப்-களை உயிருள்ளது என்று குறித்து, உயிருள்ளவற்றுக்கு மட்டும் புது எண். எலிமென்ட்டைத் தொட வேண்டியதில்லை. எம்பிஐ-யில், அதாவது மெஷ்ஷைப் பங்கிட்டுப் பல செயல்களாக (ப்ராசஸ்) இணையாக ஓட்டும்போது ஏதாவது இடிக்குமா? ஒவ்வொரு செயலும் தன் செல்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, முன் செயல்களின் எண்ணிக்கைகளைக் கூட்டித் தன் தொடக்க எண்ணை வைத்துக்கொண்டால் போதுமா?

நிரைநிரல்:

போதாது, அதே இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு செயல்களுக்குப் பொதுவான ஒரு நோடை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் எல்லைக்கோட்டின் மேல் இருப்பதாக. நோடின் உரிமையாளர் செயல் 0. ஆனால் செயல் 0-விடம் அந்த நோடைத் தொடும் வலது பாதிச் செல்கள் மட்டும்தான் இருக்கின்றன. இடது பாதிச் செல்கள் செயல் 1-இடம். உங்கள் முறையில் செயல் 0 அதைச் செத்தது என்று குறிக்கும், செயல் 1 உயிருள்ளது என்று குறிக்கும். எண் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர், அவர் கொடுக்க மாட்டார். செயல் 1 இல்லாத எண்ணைக் கேட்டு நிற்கும். ஒரே செயலில் ஓட்டினால் எல்லாம் சரி, நாலு செயலில் எப்போதாவது மட்டும் உடையும். கண்டுபிடிக்க மகா எரிச்சலான வகை.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எல்லாரும் தம் செல்களைப் பார்த்துக் குறிப்பது. அடுத்து, உரிமையில்லாத நோடுகளின் குறிகளை உரிமையாளருக்கு அனுப்பி "அல்லது" போட்டுச் சேர்ப்பது. அப்புறம் உரிமையாளர்கள் எண்ணி, முன் செயல்களின் கூட்டுத்தொகையை எடுத்து எண் கொடுப்பது. கடைசியில் புது எண்களைத் திரும்ப எல்லாருக்கும் அனுப்புவது. போகும்போது ஒரு சுற்று, வரும்போது ஒரு சுற்று. இடது பாதியில் ஒரு செல்கூட இல்லாத செயலும் இந்தச் சுற்றுகளில் கலந்துகொள்ள வேண்டும். வேலை இல்லை என்று முன்னாலேயே திரும்பிவிடும் வரி எழுதியிருந்தால் மற்றவர்கள் காத்துக்கொண்டே நிற்பார்கள்.

பழையகணிப்பான்:

சோதனைக்கு ஒன்று. பகுதியை ஒரே நேர்க்கோட்டால் பிரிக்காதீர்கள். இடது பாதி என்பதற்குப் பதிலாகச் செல் எண் மூன்றால் வகுபடுபவை என்று எடுங்கள். அர்த்தமற்ற பகுதி, ஆனால் எல்லாச் செயல்களின் எல்லையிலும் உயிருள்ளதும் செத்ததும் கலந்து விழும். மூல மெஷ் கோப்பில் இருந்த செல் எண்ணை எடுங்கள், பிரித்த பிறகு வரும் எண்ணை அல்ல, இல்லாவிட்டால் செயல்களின் எண்ணிக்கை மாறும்போது பகுதியே மாறிவிடும். உயிருள்ள டி.ஓ.எஃப்-களின் மொத்தம் ஒரு செயலிலும் எட்டுச் செயலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் பிறகு நிறை அணியைச் சேர்த்து எல்லா உறுப்புகளையும் கூட்டுங்கள். முதல் படியில் அது அந்தச் செல்களின் மொத்தப் பரப்பளவுக்குச் சமமாக வர வேண்டும், வட்டப் பிழையைத் தவிர.

கண்ணிவலை:

முதல் படியில் மட்டுமா? எந்தப் படியானாலும் அடிப்படைச் சார்புகளைக் கூட்டினால் 1 தானே?

பழையகணிப்பான்:

பகுதிக்குக் கட்டுப்படுத்தும்போது எந்தப் படியிலும் சரிதான், செல்லுக்குள் சார்புகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. முதல் படி என்று சொன்னது, உங்கள் ஃபேசெட் வெட்டும் அதே நிரலில் இருப்பதால். மூன்றாம் படியில் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரு செல்லுக்குள் கூட்டுத்தொகை 1 − குமிழ், பரப்பளவு வராது. அதையே இன்னொரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: சுமை 1-க்குச் சுமை வெக்டரின் உறுப்புகளைக் கூட்டுங்கள். ஃபேசெட் மூன்றாம் படி என்றால் பரப்பளவில் சரியாக 0.55 பங்கு வர வேண்டும், குமிழின் சராசரி 0.45 என்பதால். வேறு எண் வந்தால் வெட்டும் குறியீடு தப்பு.

கண்ணிவலை:

0.55 வருகிறது. கண்டென்சேஷனைத் தனி வகுப்பாக்கிச் சுமையின் இரண்டாவது வரியையும் சேர்த்தேன், 497 மாறிகளோடு முழு எலிமென்ட்டின் விடையே கிடைக்கிறது. ஃபேசெட் எலிமென்ட்டில் செல் தொகையீடு கேட்டால் எச்சரிக்கை தரும்படி மாற்றப் போகிறேன். நேராகப் பிழை எறியலாமா?

நான்முகி:

பிழை வேண்டாம். இன்னொரு எலிமென்ட்டோடு கூட்டிப் பயன்படுத்துபவர்கள் இருப்பார்கள். மூன்றாம் படியை "உள்" என்று கட்டுப்படுத்தினால் கிடைப்பது அந்தக் குமிழேதான். அதை முதல் படியோடு சேர்த்தால் அர்னால்ட், பிரெஸ்ஸி, ஃபோர்டின் 1984-இல் ஸ்டோக்ஸுக்குத் தந்த மினி எலிமென்ட் வந்துவிடும், அங்கே செல் தொகையீடு இல்லாமல் முடியாது. ஃபேசெட் பக்கமும் அப்படித்தான்: ஃபேசெட் மூன்றாம் படியோடு உள் மூன்றாம் படியைக் கூட்டினால் முழு மூன்றாம் படி திரும்பக் கிடைக்கும், அப்போது எல்லாத் தொகையீடும் சரியானவையே. எச்சரிக்கையை எலிமென்ட்டில் வைக்காமல், வாய்பாட்டில் அது தனியாக வரும்போது மட்டும் காட்டுங்கள்.